ஒட்டுக்குக் கீழே முளைத்தது

அந்த ரோஜாத் தோட்டம் முழுக்க, செத்துப்போன ஒருத்தியின் கையெழுத்துதான் வரிசை வரிசையாக நின்றது. செடிக்கு ஒரு லேபிள், லேபிளுக்கு ஒரு பேர். எல்லாம் மூத்தவள் எழுதியவை. அவள் போன பிறகு அவள் இடத்துக்கு இரண்டாம் தாரமாக இளையவள் வந்தாள். புருஷன் அதே ஆள், தோட்டத்தில் செடிகளுக்கு ஒட்டுக்கட்டுகிறவர்; வேலையும் அதே லேபிள் வேலை.

மையெழுத்து வெயிலில் வெளிறிப்போகும், பென்சில்தான் நிலைக்கும். அதனால் வெளிறிய எழுத்தின் மேலேயே பென்சிலை ஓட்டிக்கொண்டு போவாள் இளையவள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். சொந்தமாக எழுதினால் 'ஜ' நூல் சிக்கிய மாதிரி இருக்கும். மூத்தவளின் 'ஜ' சிக்கெடுத்துப் பின்னிய சடைபோலச் சுழன்று வரும். களையெடுக்கிற பெண்கள் சும்மா விடுவார்களா? மூத்தவள் கெட்டிக்காரி, செத்த பிறகும் ஆள் வைத்து எழுதுகிறாள் என்று சிரித்தார்கள். இளையவளும் கூடச் சிரித்துவைத்தாள். ஆனால் குனிந்து எழுதும்போது ஒரு சுழி தவறினால் போதும், யாரோ மூச்சை இழுத்துக்கொள்வதுபோல் முதுகுக்குப் பின்னால் கேட்கும். திரும்பினால் செடிகள்தான் நிற்கும்.

வீட்டில் மாமியார் அவளை மூத்தவள் பேரைச் சொல்லியே கூப்பிட்டார். முதலில் மறதி என்றார்கள். அப்புறம் பழகிப்போச்சு என்றார்கள். நாலு வருஷத்தில் அவள் காதே அந்தப் பேருக்குத்தான் திரும்பியது. சொந்தப் பேரைக் கேட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு வந்துவிட்டது.

மோட்டார் அறைக்குப் பக்கத்தில் 'வெண்பட்டு' என்று ஒரு செடி. கல்யாணமான புதிதில் புருஷன் மூத்தவளுக்கென்று ஒட்டுக்கட்டியது. அதற்கு மட்டும் வேறு யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது. விற்பனைக்கு முன்னால் பேரையும் செடியையும் ஒத்துப் பார்த்துவிடச் சொல்லியிருந்தார் தோட்டத்து முதலாளி. இளையவள் அடிமண்ணை விலக்கிப் பார்த்தாள். ஒட்டுக்கு மேலே எல்லாம் கருகிக் கட்டையாகக் கிடந்தது. தளதளவென்று நின்றது, ஒட்டுக்குக் கீழே, அடிச்செடியாக வைத்த காட்டு ரோஜாவிலிருந்து கிளம்பிய கிளை. பேர் ஒருத்திக்கு, வேர் ஒருத்திக்கு.

புருஷன் வந்து நின்றதை நிழலில் பார்த்தாள்.

"இது செத்துப்போச்சுங்க. அடியிலேர்ந்து வந்ததுதான் நிக்குது."

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"அவ போன அந்த மழையிலேயே போயிடுச்சு. ஒட்டு கட்டுறவனுக்குத் தெரியாம இருக்குமா? பேராவது இருக்கட்டும்னு விட்டேன்."

அவரிடம் எதிர்த்து ஒரு சொல் பேசியவள் இல்லை. அன்றைக்கு மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"இத்தனை நாளா நீங்க ஊத்துன தண்ணியக் குடிச்சது இதுதானே. இதுக்குன்னு ஒரு பேரு வேணாமாங்க?"

அவர் குனிந்து அந்தக் கருகிய கட்டையை விரலால் தொட்டார். பிறகு, அந்த லேபிளை எடுத்துவிடு என்று சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தப் போனார்.

லேபிள் லேசில் வரவில்லை. பல்லைப் பிடுங்குவதுபோல் அசைத்து அசைத்து எடுத்தாள். புது லேபிள் ஒன்றை மடியில் வைத்து, அடியில் எந்தப் பழைய எழுத்தும் இல்லாமல், இந்தத் தோட்டத்தில் முதல் தடவையாகச் சொந்தமாக எழுதினாள்: காட்டு ரோஜா. நட்டு, மண்ணை அழுத்திவிட்டாள்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்த அவர் குனிந்து படித்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

"இத அவ எப்ப எழுதி வச்சா?"

இளையவள் லேபிளைப் பார்த்தாள். 'ஜ' சடைபோலச் சுழன்று, வாலை அழகாக மடக்கிக்கொண்டு நின்றது. 'நான்தான்' என்று சொல்ல வாயெடுத்தாள்.

"இப்பத்தான்" என்றாள். எழுதியது யார் என்று அவளுக்கே நிச்சயமில்லை.