முட்டுக்கல் வேண்டாம் என்றேன்

மேடை ஏறினால் நடுவரை விளித்துத் தொடங்கிப் பழகியவன் நான். இன்று நடுவர் எவரும் இல்லை; ஆகவே வாசகரே, நீங்கள் சாட்சியாக இருங்கள். எனக்குச் சாதகமாக நான் எதையும் சேர்க்கவில்லை என்பதற்கு மட்டும் சாட்சி. எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

ஈராண்டுகளுக்கு முன், ஒரு புரட்டாசி மாதம். சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போகும் சாலையோரத்தில் எங்கள் வாழைத் தோட்டம். காட்டுப்பன்றிகளின் தொல்லை தாங்காமல், கல்லுக்கால் நட்டுக் கம்பிவேலி போட அப்பா முடிவு செய்தார். கடமலைக்குண்டிலிருந்து ஓர் அக்கா, அவருடைய கணவர், இரண்டு ஆட்கள் என நால்வர் வந்தார்கள். தலைமை அந்த அக்காதான். அதுவரை பிறரிடம் கூலிக்குக் கல் நட்டவர், தாமே பொறுப்பேற்று எடுத்த முதல் வேலை எங்களுடையது. இது நன்றாக அமைந்தால் தன் திராட்சைத் தோட்டத்தில் கல் நடும் வேலை முழுவதையும் அவரிடமே ஒப்படைப்பதாகப் பக்கத்துத் தோட்டத்து மாமா சொல்லியிருந்தார். இது எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும்தான் அப்படி நடந்துகொண்டேன்.

மூன்று மூலைகள் முடிந்த நிலையில், அப்பா ஒரு வேலையாகத் தேனிக்குப் போக, மேற்பார்வை என் பொறுப்பாயிற்று. கல்லூரிகளுக்கு இடையிலான சொற்போரில் கோப்பை வென்று வந்த வாரம் அது. எஞ்சியிருந்தது சாலையைப் பார்த்த மூலை. போவோர் வருவோர் கண்ணில் படும் இடமாயிற்றே என்று, ஒல்லியாக, நூல் பிடித்தாற்போல் நேராக இருந்த ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்தேன். அக்கா அதைச் சுத்தியலால் தட்டினார். பிறகு பக்கத்தில் கிடந்த தடித்த, கரடான கல்லைத் தட்டினார்.

"இது கணீர்னு பேசுது. நீங்க எடுத்தது சத்தம் செத்துக் கெடக்கு, கேளுங்க தம்பி. உள்ளுக்குள்ள விரிசல் ரேகை ஓடுது. மூலையிலதேன் ரெண்டு பக்கக் கம்பியும் இழுக்கும். இந்தக் கல்லு தாங்காது."

இரண்டும் ஒரே மலையில் வெட்டிய கற்கள்தானே என்றேன். அவர் அதற்குப் பதில் தேடுவதற்குள் அடுத்த வாதத்துக்குத் தாவினேன். மற்ற மூலைகளில் செய்ததைப் போல, கம்பி ஓடும் இரு திசைகளிலும் மூலைக்கல்லைத் தாங்கிப் பிடிக்கச் சாய்வாக இரண்டு முட்டுக்கற்கள் வைக்க வேண்டும் என்றார் அவர். அதையும் மறுத்தேன். "தலை நிமிர்ந்து நிற்கப் பிறந்த தூணுக்கு ஊன்றுகோல் எதற்கு?" என்று குரலை உயர்த்தினேன். மாமாவின் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அக்கா சிரித்தார். "பேச்சுல செயிச்சுட்டீக தம்பி. ஆனாக் கம்பிக்குக் காது இல்லையே!"

"கம்பிக்குக் காது இல்லை, கல்லுக்கு மட்டும் வாய் இருக்கிறதோ?" என்றேன்.

அவருடைய கணவரே சிரித்துவிட்டார். அக்கா, "ஒங்க தோட்டம், ஒங்க இஷ்டம்" என்று கையைத் துடைத்துக்கொண்டு, நான் காட்டிய கல்லை, நான் சொன்னபடியே நட்டார்.

ஐப்பசி மழையில் மண் இளகியது. ஒரு நாள் விடிந்து பார்க்கையில், என் கல் உள்பக்கமாகச் சாய்ந்து, முழங்கால் உயரத்தில் இரண்டாக முறிந்து கிடந்தது. இருபுறமும் கம்பி தொய்ந்திருந்தது. பன்றிகள் புகுந்த தடம் வாழைகளுக்கிடையே பாதை போலத் தெரிந்தது. மற்ற மூன்று மூலைகளும் அசையவில்லை.

அப்பா அழைத்ததும் அக்காவும் அவர் கணவரும் வந்தார்கள். மாமாவும் வந்து நின்றார். "என்ன ஆச்சு?" என்று அப்பா பொதுவாகத்தான் கேட்டார். அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருந்தால் இதை நான் எழுத நேர்ந்திராது. நானோ முந்திக்கொண்டேன். வண்டியிலிருந்து இறக்கும்போது கல்லைக் கீழே போட்டு விரிசல் விட்டிருப்பார்கள் என்றேன். மூன்று மூலைகளைச் செம்மையாக நட்டவர்களுக்குத் தொழில் தெரியாமலில்லை. ஆகவே நான்காவதற்கு முட்டுக்கல் இல்லாததற்கும் அது முறிந்ததற்கும் காரணம் அலட்சியம் ஒன்றே என்று நிறுவினேன். எனக்கு எதிரான சான்றையே எனக்குச் சாதகமாகத் திருப்பிய சாமர்த்தியம் அது. அக்காவின் கணவர் வாயெடுத்தார். "இருங்க, தம்பி பேசி முடிக்கட்டும்" என்று அவர் கையை அக்கா பிடித்துக்கொண்டார். நான் பேசி முடித்தேன். அதன்பின் அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"சரித்தா, என் தோட்டத்துக்கு நா கூடலூர் ஆளுகளவே பாத்துக்கிறேன்" என்று மாமா போய்விட்டார். அக்கா முறிந்த கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள், யாரும் கூப்பிடாமலேயே நால்வரும் கடப்பாரையோடு வந்து அந்த மூலையைப் புதிதாகத் தோண்டத் தொடங்கினார்கள். "ரோட்டோரம் என் வேலை முறிஞ்சு கெடந்தா எனக்குத்தேன் கேவலம்" என்றார் அக்கா. அருகே போய், அன்று ஏன் மறுத்துப் பேசவில்லை என்று தணிந்த குரலில் கேட்டேன். குழியிலிருந்து நிமிராமலே சொன்னார்.

"ஒங்கப்பாரு என் பேச்ச நம்புவாகளா, ஒங்க பேச்ச நம்புவாகளா? மேடையில பரிசு வாங்குற வாய் தம்பி ஒங்களுது."

நான் வாங்கிய எந்தப் பாராட்டும் என்னை அப்படிக் கூனிக் குறுக வைத்ததில்லை. அப்பாவை அழைத்துவந்தேன், மாமாவையும் கூப்பிட்டேன். எத்தனையோ அரங்குகளில் தடுமாறாத நாக்கு அங்கே தடுமாறியது. "கல்லை எடுத்தது நான். முட்டுக்கல் வேண்டாம் என்றதும் நான். அக்கா சொல்லியும் கேட்கவில்லை. அன்றைக்குச் சொன்னது பொய்." அவ்வளவுதான் வந்தது.

அப்பா அக்காவைப் பார்த்து, "மன்னிச்சுக்கத்தா" என்றார். எனக்காக அவர் தலை குனிந்து நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை.

மாமாதான் வெடித்தார். "ஏலே, கூடலூர்க்காரக நேத்தே கல்லு இறக்கிட்டாகளே! இத முந்தாநாள் சொல்றதுக்கென்ன? அன்னைக்கு அம்புட்டு நேரம் பேசுனயே!"

அந்த வேலை அக்காவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. என் ஒப்புதல் என் மனச்சுமையைக் குறைத்திருக்கலாம். அவர் இழந்ததை மீட்டுத் தரவில்லை.

கரடான கல் மூலையில் ஏறியது. இருபுறமும் முட்டுக்கற்கள் அமர்ந்தன. கம்பியை இழுத்துக் கட்டியபடி அக்கா திரும்பிப் பார்த்தார். "என்ன தம்பி, இன்னைக்குச் சத்தத்தையே காணோம்?"

இன்றும் அரங்கில் கைதட்டல் எழும்போது, அதற்குள் ஒரு செத்த சத்தம் கேட்கிறதா என்று என் காது தேடுகிறது. அன்று, நிமிர்ந்து நின்ற அந்தக் கல்லின் மேல் கை வைத்து, அப்பாவும் மாமாவும் அந்த நால்வரும் கேட்க நான் உரக்கச் சொன்ன சொல் இதுதான்: "அக்கா, வேலை தெரிஞ்சவுக சொல்லி முடிக்கிற வரைக்கும் இனிமே நான் வாயைத் திறக்க மாட்டேன்."