வாங்கு முடியும் வரை

கழிவுக் கிணற்றுக்குள் இறங்குகிறவன் பாடவேண்டும் என்பது எங்கள் சட்டம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம், நானும் நானாவும் சேர்ந்து போட்டது. கீழே பாட்டுக் கேட்கிறவரைக்கும் ஆள் உயிரோடு இருக்கிறான். பாட்டு நின்றால் மேலே இருப்பவன் கூப்பிடவேண்டும். கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் ஏதாவது செய்யவேண்டும். அந்த ஏதாவது என்ன என்று நாங்கள் ஒருநாளும் கதைக்கவில்லை.

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, புத்தளம் பக்கத்துச் சிறு நகரமொன்றின் தண்ணீர்ப் பகுதியில் எனக்கு வேலை கிடைத்தது. காலையில் குடிதண்ணீர்க் குழாய் வெடித்த இடங்களைப் பார்ப்போம். பிறகு ஆஸ்பத்திரியும் கடைத்தெருவும் அனுப்புகிற அழுக்குத் தண்ணீர் வந்துசேரும் கிணற்றுக்குப் போவோம். அங்கே பம்பின் வாயில் துணியும் பொலித்தீனும் எந்நேரமும் சிக்கிக்கொள்ளும். யாராவது ஏணியில் இறங்கிக் கையால் இழுத்தெடுக்கவேண்டும். நான் மெலிந்தவன் என்பதால் அந்த யாராவது எப்போதும் நான்தான்.

நானா என்று, அண்ணன் முறையில், நான் சொல்வது என்னோடு வேலைசெய்தவரை. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, பாலாவிக்குக் கிட்டக் குடியேறிய குடும்பம் அவருடையது. எனக்கு ஊர் உடப்பு. கரைவலை இழுத்து வளர்ந்தவனுக்கு, வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவைத் தவிர வேறென்ன பாட்டு வரும்? கிணற்றுக்குள் நின்று நான் அடியெடுத்துக் கொடுப்பேன். அவர் மேலே இருந்து “ஏலேலோ” என்பார். ஒருநாளும் சரியான இடத்தில் சொன்னதில்லை.

“நானா, நீங்க வலை இழுத்தா மீனெல்லாம் சிரிச்சுக்கொண்டு ஓடிரும்” என்பேன்.

“அதுகளாவது தப்பட்டும்” என்பார்.

வாயுவைக் காட்டுகிற மீற்றரும் உடம்பில் மாட்டுகிற பெல்ட்டும் எங்களுக்கு இல்லாமலில்லை. ஏதோ வெளிநாட்டுத் திட்டத்தில் வந்தவை. வந்த அன்று எங்களுக்கு மாட்டிவிட்டுப் படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடிந்ததும், நாங்கள் சிங்களத்தில் மாத்தயா, ஐயா, என்று கூப்பிடுகிற பொறுப்பாளர் எல்லாவற்றையும் உறையோடு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. சாமான் தொலைந்தால் தன் தலையில்தான் விழும் என்று பயந்தவர். ஆரம்பத்தில் சாவி கேட்டோம். “பிறகு, பிறகு” என்றார். போகப்போக நாங்களே கேட்பதை விட்டுவிட்டோம். பெரியவர்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் பெல்ட் திருவிழாத் தேர் போல வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும்.

ஆகவே மூக்கை நம்பினோம். இறங்கியதும் கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நிம்மதியாக வேலை செய்வோம். வாயு கூடினால் மூக்குச் செத்துவிடும், அதனால்தான் நாற்றம் தெரியாமல் போகிறது என்று பிற்பாடு ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். அந்த நிம்மதியோடு எத்தனை தரம் நின்றிருக்கிறேன்.

கிணற்றுக்குக் கிட்டப் பள்ளிவாசல் இருந்தது. பகல் தொழுகைக்கு அழைக்கிற வாங்கு சொல்லத் தொடங்கினால் நான் பாட்டை நிறுத்திவிடுவேன். நானா அப்படிக் கேட்டதேயில்லை. ஆனால் அந்த நேரம் அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வாங்கின் வார்த்தைகளுக்கு மெல்லிய குரலில் பதில் சொல்லிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேலால் வலைப்பாட்டைப் போட எனக்கு மனம் வராது. வாங்கு முடிந்ததும் விட்ட அடியிலிருந்து தொடங்குவேன்.

அன்றும் அப்படித்தான். வாங்கின் முதல் வார்த்தை கேட்டது நினைவிருக்கிறது. வாயை மூடினேன். நாற்றம் இல்லை, நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். அதற்குப் பிறகு என்னிடம் எதுவுமில்லை.

மிச்சமெல்லாம் தண்ணீர் பவுசர் ஓட்டுகிறவர் சொல்லித்தான் அறிந்தேன். அவர் பக்கத்தில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். நானா கிணற்று விளிம்பில் அமைதியாக உட்கார்ந்திருந்தாராம். வாங்கு முடிந்தது. கொஞ்சம் பொறுத்து “தம்பி” என்று கூப்பிட்டாராம். பிறகு பலமாகக் கூப்பிட்டாராம். பிறகு பவுசர்க்காரரைப் பார்த்து “ஓடி வாங்க” என்று கத்திவிட்டு, வாளிக் கயிற்றோடு இறங்கிவிட்டார். என் கக்கத்துக்குக் கீழே கயிற்றைக் கட்டியது அவர். இழுத்தது பவுசர்க்காரரும் தெருவில் போனவர்களும். என்னைத் தரையில் கிடத்திவிட்டுக் கயிற்றைத் திரும்ப இறக்கியபோது அதைப் பிடிக்க ஆள் இல்லை.

நான் கண் விழிப்பதற்கு முன்பே நானாவின் மையித்தை அடக்கிவிட்டார்கள். ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மௌனம் எனக்கு ஆகாமல் போயிற்று. குசினியில் கதைத்துக்கொண்டிருக்கும் மனைவி சும்மா ஒரு கணம் பேச்சை நிறுத்தினாலும் எழுந்து ஓடிப்போய் அவள் முகத்தைப் பார்ப்பேன். முதலில் சிரித்தாள். பிறகு அவளுக்கும் பயம் பிடித்துவிட்டது.

அந்த நாட்களில்தான் நானாவின் மனைவி தன் தம்பியிடம் எனக்குச் சொல்லியனுப்பினார். அக்கா முறையில் நான் அவரை ராத்தா என்பேன். விசாரணை வைக்கப்போகிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். “அவங்கட பிழையால மவுத்தானாங்க எண்டு மட்டும் எழுத விட்றாதீங்க.” கேட்டது அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகிற மகளிடம் யாரும் அப்படிச் சொல்லிவிடக்கூடாது என்பதே அவருடைய பயம்.

விசாரணை நாளில் அலுமாரிச் சாவி கிணற்றடிச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. எப்போதும் அங்கேதான் தொங்கும் என்றார் மாத்தயா. சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

“பொய்” என்றேன்.

நடுவில் இருந்த அதிகாரி சிங்களத்தில் கேட்டார். “அன்றைக்குச் சாவி கேட்டீர்களா?”

“இல்லை.”

“அவர் இறங்கும்போது உமக்கு நினைவு இருந்ததா?”

“இல்லை.”

“பெல்ட் இல்லாமல் இறங்கக்கூடாது என்ற விதி அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

நான் சொன்னதெல்லாம் உண்மை. அந்த உண்மையெல்லாம் சேர்ந்து நானாவைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. “அவர் விதிப்படி மேலேயே நின்றிருந்தால், இன்றைக்கு இந்தக் கதிரையில் அவரை இருத்தி என்னைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள்” என்றேன். ஒருவர் தலையைக் குனிந்தார். ஆனாலும், விதியை மீறி இறங்கியதால் நேர்ந்த மரணம் என்றுதான் முடித்தார்கள். செத்தவன் தலையில் பழியைப் போடுவது லேசு, எழுந்து வந்து மறுக்கமாட்டான்.

அதைச் சொல்ல நான்தான் போனேன். ராத்தா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவர் அந்நிய ஆண்களின் முன் வராமல் இருக்கும் காலம் அது. வாசலில் எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். உள்ளே சீலைத் திரை.

“ராத்தா, விதியை மீறி இறங்கினார் எண்டு எழுதிப்போட்டாங்க” என்றேன்.

திரைக்கு அப்பால் சத்தமில்லை. அழுகிறாரா, எழுந்து போய்விட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. கூப்பிடுவதா பொறுப்பதா என்று விளங்காமல் உட்கார்ந்திருந்தேன். நானாவும் இப்படித்தான் இருந்திருப்பார் என்று தோன்றியது.

“மீறித்தானே இறங்கினாங்க” என்றார் கடைசியில். “அது பொய்யில்லயே. மகளுக்கு நான் அப்பிடியே செல்றன். வாப்பா விதிய மீறித்தான் ஒரு ஆளக் காப்பாத்தினாங்க எண்டு.”

பிறகு அவரே தொடர்ந்தார்.

“ஒண்டுதான் தம்பி எனக்குத் தாங்கேலாம இரிக்கி. வாங்கு முடியும் வரைக்கும் ஏன் சும்மா இருந்தாங்க?”

“வாங்கு கேட்டா நான் பாட்டை நிப்பாட்டுறனான், ராத்தா. அதுக்குத்தான் நிப்பாட்டினன் எண்டு நினைச்சிருப்பார்.”

“நிப்பாட்டச் சொன்னது ஆரு? அவங்களா?”

“ஒருத்தரும் சொல்லேல்ல. மரியாதைக்குத்தான்.”

பிறகு திரை அசைந்தது. கிட்ட வந்து உட்கார்ந்திருக்கவேண்டும், குரல் பக்கத்தில் கேட்டது.

“இனி நிப்பாட்டாதீங்க. வாங்கு செல்ற நேரமும் பாடுங்க.”

மாத்தயா மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் கொஞ்ச நாள் பெல்ட் தந்தார், பிறகு அதுவும் பூட்டுக்குள் போயிற்று. நான் இன்னும் அந்தக் கிணற்றுக்குள் இறங்குகிறேன். பகல் வாங்கு கேட்கும்போது குரலை உயர்த்திப் பாடுகிறேன். தெருவில் போகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். மேலே நிற்கிற புதிய ஆள், கொஞ்ச நேரம் பொறுத்தால் என்ன என்று கேட்கிறார். நிறுத்த எனக்குப் பயமாக இருக்கிறது.