மைக்கில் ஏறிய வேண்டுதல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கிவிட்டேன். நான் படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைதான். என் வீட்டுக்காரருக்கோ மற்றவர்கள் எழுதுவதைத் திருத்துவதே வேலை. பசாருக்குச் சாமான் வாங்கப் போக நான் எழுதித் தரும் சீட்டில்கூட வெங்காயத்தை மேலே தூக்கி வைத்து, "முக்கியமானது முதல்ல வரணும்மா" என்பார். அப்படிப்பட்டவரே இப்போது, "நீயே எழுது, நான் பார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பிள்ளையாரை வேண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஜொகூர் மாநிலத்தில் ஒரு தனியார் கல்லூரியின் தொடர்புத் துறைக்கு அவர் தலைவர். பத்திரிகை, தொலைக்காட்சி, பேஸ்புக் என்று கல்லூரியைப் பற்றி வெளியே போகும் எல்லாப் பேச்சும் அவர் கையைத் தாண்டித்தான் போகும். அட்டையில் அவருடைய பதவியின் பெயர் இரண்டு வரிக்கு ஓடும். எனக்கு வாயில் வராது. கோயிலில் யாராவது கேட்டால், "பேப்பர்காரங்க போன் பண்ணா இவருதான் எடுப்பாரு" என்று சொல்லிவிடுவேன்.

"அதுக்கா லா சம்பளம் கொடுக்குறாங்க?" என்று ஒரு அக்கா கேட்டார். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அன்றைக்கு அவர் ரசத்துக்குச் சோறு வாங்கவில்லை.

அவருடைய துறைக்கு ஒரு பாஷை உண்டு. பிரச்சினை என்று சொல்லக் கூடாது, சவால் என்று சொல்ல வேண்டும். தெரியாது என்று சொல்லவே கூடாது, பரிசீலனையில் உள்ளது என்று சொல்ல வேண்டும். ஒருநாள் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. "என்னங்க, சாம்பார் ஒரு சவாலைச் சந்திச்சிருக்கு" என்றேன். "பரிசீலனையில இருக்குற வரைக்கும் தயிர் ஊத்து" என்றார். கோபமும் சிரிப்பும் அவருக்கு ஒரே முகத்தில் வரும்.

எல்லாவற்றையும் விட அவருக்குப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. "ஒரு காலேஜ்னா ஒரு வாய்தான் இருக்கணும்." அந்த வாய் அவருடையது.

ஒரு வருடம் கல்லூரியின் நர்சிங் என்கிற தாதியர் படிப்புக்கு அரசாங்க அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பதிவு நாள் நெருங்கியும் கடிதம் வரவில்லை. மாணவர் சேர்க்கைக்காக அவர் பண்டார் தெங்காரா, சாஆ என்று ஊர் ஊராகப் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார். பண்டார் தெங்காராவில் பாமாயில் எடுக்கும் செம்பனையின் நாற்றங்காலில் வேலை செய்யும் ஒரு அம்மா, தன் மகளைச் சிங்கப்பூர்த் தொழிற்சாலை வேலைக்கு அனுப்ப எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தார். இவர் பேசியதைக் கேட்டு அதை விட்டுவிட்டார். பிள்ளைக்கு வெள்ளை உடுப்பு தைக்கவும் கொடுத்துவிட்டார். "படிப்பு நடக்கலைன்னா அந்தப் பிள்ளைக்கு வேலையும் இல்ல, படிப்பும் இல்ல. நான்தான் பதில் சொல்லணும்" என்று என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னபோது அந்தத் துறைப் பாஷை எதுவும் கலக்கவில்லை.

அதற்குள் வாட்ஸ்அப்பில் தாதியர் படிப்புக்கு அனுமதி இல்லை, கல்லூரியையே மூடப்போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். இவர் மூன்று மொழியில் அறிக்கை எழுதினார். சவால் இருந்தது, பரிசீலனை இருந்தது. மூடுகிறார்களா இல்லையா என்பது மட்டும் மூன்று மொழியிலும் இல்லை. "நீயும் யார்கிட்டயும் வாய் திறக்காத. கோயில்ல ரொம்ப ஜாக்கிரதை" என்று எனக்கும் உத்தரவு வந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்பாளிடம் வேண்டிக்கொண்டதுகூட மனதுக்குள்தான்.

அந்த வார வெள்ளிக்கிழமை ஜொகூர் பாருவில் கூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவரை, கூலாயில் எங்கள் அம்மன் கோயிலில், ஆபீஸ் சட்டையோடு சன்னதியில் பார்த்தேன். அன்றைய உபயமே அவர் கொடுத்ததுதான். வீட்டில் பூஜை மணியை அடித்தால் போனில் இருக்கிறேன் என்று கையைக் காட்டுகிறவர், கல்லூரி பெயருக்கு அர்ச்சனை செய்துகொண்டிருந்தார்.

"நட்சத்திரம்?" என்றார் ஐயர்.

"காலேஜுக்கா?"

"யாருக்கோ ஒருத்தருக்கு வேணும் சார்."

கொஞ்சம் யோசித்துத் தன் நட்சத்திரத்தையே சொன்னார். ஐயர் கல்லூரியை அவர் குடும்பத்தில் சேர்த்து, சகுடும்பமாக நல்லா இருக்கட்டும் என்று முடித்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். அன்னதானத்துக்கு முன்னால் செயலாளர் மைக்கில் உபயக்காரர் பெயரைச் சொல்லி, அவருடைய வேண்டுதலையும் சொல்வார். எல்லோரும் சேர்ந்து கும்பிட்டால் சீக்கிரம் பலிக்கும் என்பது நம்பிக்கை. இவர் செயலாளரிடம், "தடை விலகணும்னு மட்டும் சொல்லுங்கண்ணே" என்று சொல்லி வைத்திருக்கிறார். செயலாளர் நல்ல மனிதர். அவ்வளவு சின்னதாகக் கேட்டால் அம்பாளுக்குப் புரியாது என்று நினைத்து, வாட்ஸ்அப்பில் வந்ததையும் சேர்த்துக்கொண்டார் போல.

"இன்றைய உபயம் கல்லூரியார். அவர்களுடைய தாதியர் படிப்புக்கு அனுமதி கிடைக்காமல் தடைபட்டிருப்பதால், கல்லூரி மூடாமல் தொடர்ந்து நடக்க, பக்த கோடிகள் அனைவரும் அம்பாளைப் பிரார்த்திக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

மண்டபமே கைகூப்பியது. நான் பாயச வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் தமிழ்ப் பத்திரிகை நிருபர். இவருக்கு நல்ல பழக்கம்.

"அண்ணே, இது அறிக்கையா?" என்று இவரைக் கேட்டார் நிருபர், அப்பளத்தை உடைத்துக்கொண்டே.

"தம்பி, சாமிகிட்ட சொன்னதெல்லாம் எழுதக் கூடாது."

"சாமிகிட்ட சொன்னத எழுதல அண்ணே. மைக்குல சொன்னதத்தான்."

"நாளைக்குக் காலையில பேசுறேன். அதுவரைக்கும் பொறு."

"பாயசம் இன்னொரு கரண்டி கிடைச்சா பொறுக்கலாம்" என்று என்னைப் பார்த்தார். ஊற்றினேன். ஊடகத் துறைக்கு நான் செய்த ஒரே உதவி அது.

நிருபர் பொறுத்தார், போன் வைத்திருந்தவர்கள் பொறுக்கவில்லை. மைக்கில் சொன்னது அப்படியே பதிவாகி ஊரெல்லாம் சுற்றியது. மறுநாள் காலை முதல் போன் பண்டார் தெங்காராவிலிருந்து வந்தது. அந்த அம்மாதான். இவர் ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"வணக்கம்மா. கல்லூரி சில சவால்களை..."

"தம்பி, அதெல்லாம் எனக்கு விளங்காது. மூடுறீங்களா, மூடலையா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவருடைய சட்டப்படி வாயே திறக்கவில்லை.

"காலேஜ மூடலம்மா" என்றார். "ஆனா நர்சிங் படிப்புக்கு அனுமதி இன்னும் வரல. வருமான்னு கேட்டீங்கன்னா, எனக்குத் தெரியலம்மா. வரலைன்னா நானே உங்க மகள வேற காலேஜுக்குக் கூட்டிட்டுப் போய் எடம் கேக்குறேன். இது அறிக்கை இல்ல. நான் சொல்றது."

அந்த அம்மா, "சரி தம்பி" என்று வைத்துவிட்டார். என்ன சரி என்று தெரியவில்லை.

இவர் உடனே நிருபரைக் கூப்பிட்டு அதையே சொன்னார், ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல். தெரியாது என்கிற சொல் கல்லூரியின் பெயரோடு பேப்பரில் வந்தது அதுதான் முதல் தடவை. கல்லூரி உரிமையாளர் போனில் கத்தியது அடுப்படி வரை கேட்டது. பதிவு நாளன்று ஆள் வரவில்லையென்றால் இவரும் வர வேண்டாம் என்று முடித்தார். நான் பூஜை அறைக்குப் போய் விளக்கில் எண்ணெய் விட்டேன். வேறு என்ன செய்ய?

பதிவு நாளன்று இவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் நானும் போனேன். அனுமதிக் கடிதம் அன்றும் வந்திருக்கவில்லை. மண்டபத்தில் நாற்காலிகள் காலி. இவர் வாசலிலேயே நின்றார். முதலில் வந்தவர் அந்த அம்மா, மகளோடு. பிள்ளை கையில் வெள்ளை உடுப்பு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

"எப்படிம்மா நம்பி வந்தீங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"எல்லாரும் தெரியும் தெரியும்னு சொன்னாங்க. இவரு ஒருத்தருதான் தெரியலன்னாரு. நாளைக்கு ஏதாச்சும்னா போன் எடுப்பாருல்ல" என்றார்.

அவருக்குப் பின்னால் சாஆவிலிருந்து ஒரு வேன் வந்தது. பிறகு இன்னும் சிலர். மண்டபம் நிறையவில்லை. வகுப்பு ஆரம்பிக்கப் போதுமான ஆள் இருந்தது. வகுப்பு தொடங்குவதற்கு முன் அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது. அம்பாள் செய்தாள் என்று நான் சொல்கிறேன். நடைமுறை முடிந்தது என்று அவர் சொல்கிறார். ஆனால் கடிதம் வந்த அன்று காலணியைக் கழற்றாமலே பூஜை அறை வரை போய்விட்டுத் திரும்பி ஓடி வந்தவர் யார் என்று அவரைக் கேளுங்கள்.

உரிமையாளர் அவரை வேலையிலேயே வைத்துக்கொண்டார். "இனிமே சாமிகிட்ட என்ன கேக்கப் போறீங்கன்னு முதல்ல எனக்கு அனுப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாராம்.

அந்தப் பிள்ளை இப்போது ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். தீபாவளிக்கு இவருக்குப் போன் வரும். ஒலியைக் கூட்டித்தான் பேசுவார், எனக்கும் கேட்கட்டும் என்று.

இதைப் படித்தவர்கள் வேறு யாருக்காவது சொல்வதென்றால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அழகாக இருக்கட்டும் என்று எங்கள் செயலாளர் மாதிரி எதையும் சேர்க்க வேண்டாம். என் வீட்டுக்காரர் மாதிரி எதையும் சவால் ஆக்கவும் வேண்டாம். சாம்பார் அடிப்பிடித்ததையும் விட்டுவிடாதீர்கள்.