இரண்டாவது கோடு

வேதமணிக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. ஏணியில் ஏறி அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால், ஷிப்ட் முடிந்து இறங்கும்வரை ஒன்றுக்கும் கிடையாது, இரண்டுக்கும் கிடையாது. அடக்கி அடக்கியே ஆயுசில் பாதி போய்விட்டது. அதனால்தான் வெளிக்குப் போகும்போது ரத்தம் வர ஆரம்பித்ததும், மூலச்சூடு என்று தனக்குத் தானே வைத்தியராகிவிட்டார். கருணைக்கிழங்கு தின்றார், மோராகக் குடித்தார். மாதங்கள் போயும் ரத்தம் நிற்கவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் அவருடைய அப்பா. குடலில் கட்டி வந்து, வயிற்றோடு மலப்பையைக் கட்டிக்கொண்டு, சாயர்புரத்து வீட்டில் அந்த மனிதர் கிடந்த கிடையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் வேதமணி. காற்றில் ஆடுகிற கூண்டில் இருந்துகொண்டு கண்டெய்னரைக் கப்பலில் இறக்குகிற ஆளுக்கு, ஆஸ்பத்திரி வாசலைக் கண்டால் கால் பின்னிக்கொள்ளும். பயந்தாங்கொள்ளி என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் உண்மை அதுதான்.

மகள் ஈவாஞ்சலின் கோயம்புத்தூரில் லேப் டெக்னீஷியன். தாத்தாவுக்கு வந்தது அப்பாவுக்கும் வரலாம் என்ற கவலை அவளுக்கு உண்டு. அப்பாவுக்கு ரத்தம் போவது அவளுக்குத் தெரியாது. வீட்டிலேயே மலத்தைப் பரிசோதிக்கிற கிட் ஒன்றைக் கூரியரில் அனுப்பிவிட்டு, போனில் விளக்கினாள்.

"எப்பா, அந்தக் குச்சியால மலத்துல அங்கங்க குத்தி எடுத்து, பாட்டில்ல போட்டுக் குலுக்குங்க. பெறவு அந்தப் பட்டையில சொட்டு விடுங்க. ஒரு கோடு வந்தா நல்லது. ரெண்டு கோடு வந்தா மலத்துல ரத்தம் இருக்குன்னு அர்த்தம். கேன்சர்தான்னு சொல்ல முடியாது, ஆனா உள்ள டியூப் விட்டுப் பாக்கணும். எனக்குப் போட்டோ அனுப்புங்க."

டியூப் என்ற சொல்லுக்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் வேதமணி காதில் ஏறவில்லை. தன்னுடையதை வைத்தால் இரண்டு கோடுதான் வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கிட் அலமாரியில் கிடந்தது. மகள் விடாமல் கேட்டாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, எந்தப் புருஷனும் பெண்டாட்டியிடம் கேட்காத ஒன்றை அவர் ஞானதீபத்திடம் கேட்டார்.

"ஏளா, நீ போகும்போது இந்தக் குச்சியில கொஞ்சம் எடுத்துக் குடு."

"என்னத்துக்கு? டெஸ்ட்டு ஒங்களுக்குல்லா?"

"எனக்குப் பயமா இருக்கு, தீபம்."

ஞானதீபம் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "சமைச்சுப் போட்டாச்சு, தொவைச்சுப் போட்டாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி" என்றபடி குச்சியை வாங்கிக்கொண்டு போனாள். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தறியாதவள். அவளுடையதில் ஒரே கோடு வரும், மகளும் வாயை மூடுவாள் என்ற நிம்மதியில் வேதமணி மேசை முன்னால் உட்கார்ந்து சொட்டு விட்டார்.

மேலே ஒரு கோடு வந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்குக் கீழே இன்னொன்று வெளிறலாக எழும்பியது. பார்க்கப் பார்க்கச் சிவந்தது.

ரவிக்கைகள் எல்லாம் தொளதொளத்துவிட்டன என்று ஞானதீபம் பிடித்துத் தைத்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. மாடிக்குத் துணி காயப்போடப் போனால் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குவதும் நினைவுக்கு வந்தது. வயசாகிறது என்று இரண்டு பேரும் பேசிச் சிரித்திருக்கிறார்கள். இத்தனை நாளும் தனக்காகப் பட்ட பயமெல்லாம் ஒரு பயமே இல்லை என்று இப்போது தெரிந்தது.

ஞானதீபம் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"கிட்டு பழுதா இருக்கும்" என்றாள். "இது ஒங்களுதுன்னே பிள்ளைட்ட சொல்லிருங்க. அந்த டியூப் எல்லாம் என்னால முடியாது."

"எனக்கு மாசக்கணக்கா ரத்தம் போகுது, ஏளா."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அறிவுகெட்ட மனுசன். எங்கிட்டயா மறைச்சீங்க? திங்கக்கெழமையே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"நீ வந்தா போறேன்."

அவள் அந்தப் பட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மகளின் போன் வந்தது. "போட்டோ எங்கப்பா?" ஞானதீபம் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். என்னுதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனைவி தப்பித்ததாக நினைத்துக்கொள்வாள். வேதமணி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு கோடு வந்திருக்கும்மா. இது ஒங்கம்மாவோடது. என்னுதுக்கு டெஸ்ட்டே வேண்டாம், ரத்தம் போறத நான் கண்ணாலயே பாத்துட்டேன். டாக்டர்ட்ட ரெண்டு பேருக்கும் டோக்கன் போடு. ஒரே நாள்ல போடு, தாயி. தனித்தனியா போனா ரெண்டு பேருமே வாசலோட திரும்பிருவோம்."