ஆடுகள் இறங்கி வந்த நாள்

காலை ஆறேகால். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். கையில் இரண்டு ஐஸ் பெட்டிகள். ஒன்றில் ஆடுகளுக்குத் தடுப்பூசி மருந்து, மற்றதில் என் கழுத்துக்கு ஈரத்துண்டுகள். நான் கால்நடை ஆய்வாளர். நரம்பைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் வந்து மூன்று வருடமாகிறது. உடம்பு சூடேறினால் இடது கால் என் பேச்சைக் கேட்காது. “இந்தத் தடவை பாருங்க, ஸ்டெல்லா. ஊசி போட்டு முடிக்க முடியலைன்னா இனிமே ஆபீஸ் சீட்டுதான்” என்று அதிகாரி சொல்லிவிட்டார். ஆபீஸாம்! ஃபைல் புரட்டவா நான் இந்த வேலைக்கு வந்தேன்?

“இன்னாம்மா ரெண்டு பெட்டி, மீன் வியாபாரமா?” என்றார் நடத்துநர்.

“ஒண்ணு ஆட்டுக்கு, ஒண்ணு எனக்குங்க.”

கச்சிராயப்பாளையம் தாண்டி மலைப்பாதை தொடங்கியது. குளிர்காற்று பட்டதும் கால் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

வெள்ளிமலைக்கு முன்பே இறங்கினேன். சாமை பயிரிடும் சின்னப்பொண்ணு காத்திருந்தாள். அவள் ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர் ஏற்றம், வண்டி போகாது. வீடு வீடாகப் போய்ப் பட்டியிலேயே ஊசி போடுவேன், பிறகு அவள் வீட்டில் களி. அதற்காக வருடம் முழுக்க ஏங்கிக் கிடந்தேன்.

பாதி ஏற்றத்தில் வெயில் கொளுத்தியது. கால் இழுத்தது. கர்த்தரே, இன்றைக்கா! பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

“வெயில் ஜாஸ்தி, ஒக்காருங்க டாக்டரம்மா” என்று சொல்லிவிட்டுச் சின்னப்பொண்ணு மேலே போனாள். ஒரு மணி நேரத்தில் ஊர் ஆடு மொத்தமும் ஊர்ச்சனத்தோடு திமுதிமுவென இறங்கி வந்தது.

“யாரைக் கேட்டு ஓட்டிக்கினு வந்தீங்க? நான்தான் வரேன்னு இருந்தேனே!” எரிந்து விழுந்தேன்.

“நீங்க வந்தா இன்னா, அதுங்க வந்தா இன்னா?” என்றாள் சின்னப்பொண்ணு.

எல்லார் வீட்டு ஆடும் கலந்துவிட்டது. எதற்குப் போட்டேன், எதற்குப் போடவில்லை? ஒரே ரகளை. ஒருத்தி ஓடிப்போய் மஞ்சள் கரைத்து வந்தாள். ஊசி போட்ட ஆட்டின் நெற்றியில் அப்பினாள். கோபம் போய்ச் சிரித்துவிட்டேன். உட்கார்ந்தபடியே எல்லாவற்றுக்கும் போட்டு முடித்தேன்.

அதிகாரிக்கு போன் செய்தேன். “முடிச்சிட்டீங்களா? அப்போ மலை உங்களுக்குத்தான்” என்றார். சின்னப்பொண்ணிடம் சத்தமாகச் சொன்னேன்.

“இனிமே நீங்க ஏறவே வாணாம். களியும் கீழயே எடுத்தாரேன்” என்றாள் சின்னப்பொண்ணு. பிரியமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது. தலைக்கு மேலே அவர்கள் ஊரின் அடுப்புப் புகை தெரிந்தது.

கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது மாலையிலும் அனல் அடங்கவில்லை. வீட்டில் அம்மா கதவைத் திறந்தபடியே கேட்டாள்: “மேல ஊர்ல எல்லாரையும் பாத்தியா?”

“எல்லாரும் கீழ வந்து என்னைப் பாத்தாங்கம்மா” என்றேன்.