பிரேக் இல்லாத நாற்காலி

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற எல்லாரையும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனாலும் அந்த வட்டாரத்தில் மாஸ்டர் என்றால் இவர் ஒருவர்தான். காரணம், இவருடைய வாய். டிரைவிங் ஸ்கூல் கார் தெருமுனை திரும்பும் முன்பே சத்தம் வந்துவிடும்.

"கிளட்ச்சு, கிளட்ச்சு. காலு எங்க, வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்தியா?"

இவர் உட்காரும் பக்கமும் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவன் தடுமாறினால் இவர் ஒரு மிதி மிதிப்பார், வண்டி நின்றுவிடும். அப்புறம் ஆற அமரத் திட்டுவார். இத்தனை வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பழக்கம் முற்றிப்போய், பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாலும் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். "அது பிரேக் இல்லீங்க, என் கால்" என்று பக்கத்தில் இருக்கும் மனைவி நகர்ந்து உட்காருவாள்.

கொரோனா வந்து ஸ்கூலைப் பூட்டியதும் அந்த வாய் வீட்டோடு அடைந்தது. கேட்டவர், கேட்காதவர் எல்லாருக்கும் போனில் ஒரே பாட்டு: "வயசானவங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும். குழந்தைங்களுக்கு ஒண்ணும் செய்யாது." டிவி சொன்னது, மருந்துக்கடைக்காரர் சொன்னார், மச்சான் சொன்னார். இவரும் சொன்னார். சொல்வதற்கு என்ன, வாய்தானே.

முதலில் இவருக்குத்தான் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் போர்த்திப் படுத்துவிட்டு எழுந்துவிட்டார். அடுத்து மனைவி படுத்தாள். அதற்கடுத்து மகள். பதினாலு வயது, கொஞ்சம் பூசின உடம்பு, சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. வீட்டில் அவளுக்குப் பெயர் பெரிய மனுஷி. அப்பா ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லுவாள். அன்றைக்கு, "போனைக் கீழ வை, கண்ணு கெட்டுரும்" என்று இவர் எப்போதும்போல ஆரம்பித்தார். "உன் கண்ணு மட்டும்..." என்று தொடங்கியவள் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினாள். மீதி பதில் வரவில்லை. அவள் ஒரு பதிலைப் பாதியில் விட்டு இவர் பார்த்ததே இல்லை. வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பக்கம் வாசலில் இருந்த ஊழியன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "பெரிய பொண்ணா இருக்கு சார். இங்க இருக்கிறது சின்னப் படுக்கை. பெரியவங்க பக்கம் கூட்டிட்டுப் போங்க." பெரியவர்கள் பக்கம் இருந்தவன் வயதைக் கேட்டான். "பதினாலா? பதினெட்டு ஆனாத்தான் இங்க. குழந்தைங்க பக்கம் போங்க." சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இரண்டு கட்டடத்துக்கும் நடுவே அலைந்தார்.

"அப்ப எப்படி, இடுப்பு வரைக்கும் இங்க, மிச்சம் அங்க படுக்க வைக்கட்டுமா?" என்று கத்தினார். அந்தச் சத்தத்துக்குத்தான் குழந்தைகள் டாக்டரம்மா வெளியே வந்தார். மகளின் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டி எண்ணைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் உள்ளே தள்ளச் சொன்னார்.

மகளுக்குக் கொரோனா நுரையீரலில் இறங்கியிருந்தது. மூக்கில் குழாய் வைத்து வேகமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். மனைவி வீட்டில் காய்ச்சலோடு கிடக்க, கூட இருக்க இவர்தான். தலை முதல் கால் வரை ஒரு பிளாஸ்டிக் அங்கியை மாட்டிவிட்டு, படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா சொன்னார்: "குப்புறப் படுத்தா நுரையீரலுக்குக் காத்து நல்லா போகும். சாயந்தரம் வரைக்கும் முடிஞ்ச அளவு அப்படியே படுக்கட்டும். இந்த எண் தொண்ணூறுக்கு மேல நிக்கணும். நிக்கலேன்னா தொண்டைக்குள்ள குழாய் விட்டு மெஷின்ல போட வேண்டியிருக்கும்."

"குழந்தைங்களுக்கு ஒண்ணும் செய்யாதுன்னாங்களே?"

"நிறையப் பேருக்குச் செய்யாது. இந்த வார்டுல இருக்கிற பிள்ளைங்களுக்குச் செஞ்சிருக்கு. உடம்பு எடை, இழுப்பு, ரெண்டும் இருந்தா ஆபத்து கொஞ்சம் கூட."

எடை என்றதும் இவருக்குச் சுருக்கென்றது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. டாக்டரம்மா அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

தலைமாட்டு மானிட்டரில் எண் தொண்ணூற்றொன்றில் இருந்தது. இவர் அதையே முறைத்தார். "மூச்சை இழு. நல்லா இழு. ஏய், இறங்குது பாரு. தலையைத் தூக்காத. அந்தக் கையை இப்படி வை. இப்படியில்ல, இப்படி." எண் ஒன்று குறைந்தது. இவர் வலது கால் தரையை மிதித்தது. இன்னும் ஒன்று குறைந்தது. இன்னும் ஓங்கி மிதித்தார். குப்புறப் படுத்திருந்த மகள் எரிச்சலில் புரண்டு மல்லாந்தாள். மூக்குக் குழாய் விலகி, மானிட்டர் கத்தியது.

நர்ஸ் ஓடிவந்து குழாயைச் சரிசெய்தாள். "சார், நீங்க கத்தக் கத்த பாப்பா பதறுது. பதறினா இன்னும் இறங்கும்." நாற்காலியைத் தூக்கி மறுபக்கம் போட்டாள். அங்கிருந்து எண் தெரியாது. மகளின் முகம் மட்டும்தான் தெரியும்.

மகள் கை காட்டி இவரைக் குனியச் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அப்பா. நான் குப்புறப் படுக்கிறேன். ஆனா நீ வாயைத் திறந்தா திரும்பிடுவேன்."

"எவ்வளவு நேரம்டி?"

அவள் முறைத்தாள். மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கினார். அவள் குப்புறப் படுத்து, முகத்தை இவர் பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணைத் திறந்து வைத்தாள். காவலுக்கு.

அன்றைய பகல் போல ஒரு பகலை மாஸ்டர் கண்டதில்லை. போன் அதிர்ந்தது. மச்சான், மனைவியின் அண்ணன். எடுக்கவில்லை. மெசேஜ் வந்தது: "மாப்ள, சின்னப் பிள்ளைங்களுக்கு இவ்வளவு தூரம் வராதாமே. நல்லா விசாரிச்சியா? டாக்டர் படிச்சவங்கதானா?" பதில் எழுதலாம் என்றால் கையுறை போட்ட விரலுக்கு எழுத்து சிக்கவில்லை. இன்னொன்று வந்தது: "எதுக்கும் கொஞ்சம் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லு." போனைக் கவிழ்த்து வைத்தார். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

துடைக்க வந்தவர் துடைப்பத்தால் கட்டில் காலை இரண்டு முறை இடித்தார். மாஸ்டர் எழுந்தார். ஒரு கண் இவரைப் பார்த்தது. உட்கார்ந்தார். அப்புறம் ஒரு உதவியாள் வந்து, மகளின் காலுக்குக் கீழே கொடுத்திருந்த தலையணையைக் கவனித்தான். "இது மூணாம் படுக்கையோடது சார், எடுத்துக்கவா?" மாஸ்டர் இரண்டு கையையும் வீசி வேண்டாம் வேண்டாம் என்றார். லாரி பின்னால் எடுக்க வழிகாட்டுகிறார் என்று நினைத்தானோ என்னவோ, "சரி சார்" என்று உருவிக்கொண்டு போனான். மாஸ்டருக்கு ரத்தம் தலைக்கேறியது. தன் மேல்சட்டையைக் கழற்றிச் சுருட்டி வைக்கலாம் என்றால் அங்கியைக் கழற்ற முடியாது. கடைசியில் நாற்காலியைக் கால்மாட்டுக்கு இழுத்துப் போட்டு, அவள் காலைத் தன் தொடை மேல் எடுத்து வைத்துக்கொண்டார். அவள் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் இப்போது முகமும் தெரியவில்லை, எண்ணும் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது. அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வேகமாகப் போகிறதா, மெதுவாகப் போகிறதா, இது நல்லதா கெட்டதா, ஒன்றும் பிடிபடவில்லை. கேட்டால் நர்ஸ் சொல்லுவாள். கேட்க வாய் வேண்டும். தொடை மரத்துப்போனது. சிறுநீர் முட்டியது. அசையவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். எண்ணைப் பார்த்தார், முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். "தொண்ணூத்தி மூணு. பகல் முழுக்க நின்னிருக்கு. இன்னைக்கு மெஷின் வேண்டாம். அப்பா, ஏதாவது கேக்கணுமா?"

கேட்க நூறு இருந்தது. மாஸ்டர் மகளைப் பார்த்தார். அவள் யோசித்துவிட்டு, "கேளு" என்றாள்.

"நாளைக்கு?"

"நாளைக்குப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

"பகல் முழுக்க நிக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப நாளைக்கும் நிக்கும்தானே?"

"நிக்கலாம். நிக்காமலும் போகலாம். இது அப்படித்தான்." அவர் அடுத்த படுக்கைக்குப் போனார்.

மாஸ்டர் மகளின் காலை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, நர்ஸிடம் கையைக் காட்டிவிட்டு வெளியே வந்தார். அங்கியை உரித்துப் போட்டுவிட்டு, கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, மாடிப்படியில் நின்று மனைவிக்குப் போன் போட்டார். அவள் ஹலோ சொல்லும் முன்பே பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தனுக்கும் பொறுப்பில்ல. காலுக்கு வச்ச தலையணையை உருவிட்டுப் போறான். கட்டிலைப் போட்டு இடிக்கிறான். நாளைக்கு என்னன்னு கேட்டா அந்தம்மா நாளைக்குச் சொல்றேங்குது. உங்க அண்ணன் இருக்கானே, அவன் டாக்டருக்குப் படிப்பு இருக்கான்னு கேக்கிறான். இவனுக்கு என்ன படிப்பு இருக்குன்னு நான் கேட்டேனா? உன் பொண்ணு என்னை ஒரு வார்த்தை பேச விடல. ஒரு வார்த்தை. காலையிலேருந்து ஊமை மாதிரி உக்கார வச்சிருக்கா..."

மறுமுனையில் இருமல் கேட்டது. இருமி முடித்து அவள் மூச்சு விட்டாள்.

"நீங்க திட்டுற திட்டைப் பாத்தா அவளுக்குப் பரவாயில்ல போல."

மாஸ்டர் சுவரில் சாய்ந்தார். "இன்னைக்குத்தான்" என்றார். "இன்னைக்கு மட்டும்தான் மெஷின் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."