ஆற்றங்கரையில் ஒரு பாலைவன வீடு

பாலைவனத்தில் வீடுகள் கட்டிப் பெயர் வாங்கிய ஆர்க்கிடெக்ட் அவர். அனகாபுத்தூரில் அடையாற்றை ஒட்டிய என் மனையைப் பார்க்க வந்திருந்தார். கசங்கிய லினன் சட்டை, பாதி முகத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. நின்ற இடத்திலெல்லாம் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்ப்பார். ஏதோ வியாதி என்று நினைத்தேன். "டிசைன் பண்றார், பேசாம இருங்க" என்றாள் மனைவி.

"வீடு இந்த மண்ணுல முளைச்ச மாதிரி இருக்கணும் சார். நடுவுல நாலடி பள்ளமா ஒரு முற்றம். பாலைவனத்துல அதான் வீட்டையே ஜில்லுனு வச்சிருக்கும்."

இங்கே அது ஜில்லென்று இருக்காது, நிரம்பிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எதிர்வீட்டுச் சுவரில் சொக்கிப்போயிருந்தார். போன வெள்ளம் தெரு முழுக்க இடுப்புயரத்தில் விட்டுப்போன பழுப்புக் கறை அது.

"பிரமாதமான பார்டர்! ஒரே மட்டமா ஓடுது பாருங்க. நம்ம வீட்டுக்கும் இதே கலர்தான். யார் சார் அடிச்சது?"

"ஆறு சார்."

"ஆறு பேரா? நமக்கு ரெண்டு பேர் போதும்."

பிடி பிடியாக மண்ணை முகர்ந்த அந்த மூக்குக்கு, பக்கத்திலேயே நாறிக்கொண்டிருந்த அடையாறு எப்படித் தட்டுப்படவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.